மீட்டரில் அடங்கும், காதில் அடங்காது
விலங்குக் காட்சிசாலையில் பூக்களுக்கு நடுவே நடக்கும் வசந்தகால மாலைக் கச்சேரியில் ஒலி 65 டெசிபலைத் தாண்டாததால் விலங்குகளுக்குத் தொந்தரவில்லை என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது பாதிக் கணக்குதான். அந்த அளவை வழக்கமாக மனிதக் காதுக்கேற்ற 'ஏ' முறையில் எடுப்பார்கள். அதில் 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலி சுமார் 26 டெசிபல் குறைவாகவே பதிவாகும். பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் தரும் இந்தத் தாழ்ந்த ஒலி (பேஸ்) மீட்டரில் அடங்கிவிடும், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் கேட்கிற யானைக்கு அடங்காது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத 'சி' முறையிலும் ஒருமுறை அளக்க வேண்டும், அதுவும் மேடை முன்னால் இல்லை, விலங்கின் இரவுக் கொட்டகைக்குள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல்தான் குறையும். நடுவே அடுக்கும் பூந்தொட்டிகள் கண்ணுக்குத்தான் வேலி, பேஸுக்கு அல்ல. பேஸுக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்குப் பதில் சின்ன ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்கு நெருக்கமாகப் பரப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, ஒலிச்சோதனை. மைக்கைத் தட்டும் திடீர் 'டப்' சத்தம் சீரான பாட்டைவிட மிரளவைக்கும், மான் வகைகள் வேலியில் போய் மோதுவது இப்படித்தான். விலங்குகளை உள்ளே அழைத்துத் தீனி வைக்கிற நேரத்தில் ஒலிச்சோதனை செய்யவே கூடாது. விளக்கு போட்டபின் போனால் டூலிப் அழகு என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு: வெப்பம் குறைந்தால் டூலிப் இதழ் மூடிக்கொள்ளும், பொழுது சாயும் முன்பே போங்கள். டாஃபடில் தொட்டிகளை ஆட்டுக்குட்டிப் பட்டிப் பக்கம் வைக்கவே வேண்டாம், அதன் கிழங்கு நஞ்சு.