உடம்புக்கு முடியவில்லை, வேறு பொறுப்பு கொடுங்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். முன்பு என்னோடு ஒரே டீமில் வேலை பார்த்தவன். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்து வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, உடம்புக்கு முடியலை, வேற பொறுப்பு கொடுங்கன்னு நீங்க அப்போ ஆபீஸ்ல எப்படிக் கேட்டீங்க? நான் கேட்டா என்னை ஓரங்கட்டிடுவாங்களா?" என்றான். போனில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நான் 11 வருடம் பார்த்தது ஆபரேஷன்ஸ் வேலை. வாடிக்கையாளர்களின் சிஸ்டம் எந்த நேரத்தில் நின்றாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். 5 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், 15 நிமிடத்துக்குள் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 43 வயதில் ரத்த அழுத்தம் 160/100 என்று காட்டியது. ஒரு மாத்திரை இரண்டானது. இரண்டை மூன்றாக்கும் முன், மருத்துவர் ஒரு கருவியை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார். கையில் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி. 24 மணி நேரமும் குறிப்பிட்ட இடைவெளியில் அந்தப் பட்டை தானாக இறுகி அளந்துகொள்ளும், தூங்கும்போதும்.

தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அதுதான் இயல்பு. என் அறிக்கையில் அந்த இறக்கமே இல்லை. கோடு இரவிலும் மேலேயே ஓடியது. மருத்துவர் பேனா முனையை ஓரிடத்தில் வைத்து, "ராத்திரி ரெண்டரைக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். உண்மைதான். அன்றைக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. நான் தூங்கியிருக்கிறேன், என் உடம்பு மட்டும் அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அலுவலகத்தில் வாய் திறக்க எனக்கு 7 மாதம் ஆயிற்று. இந்த 7 மாதத்தை நினைத்தால்தான் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஏன் கேட்கவில்லை? காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவரை யாரும் மாடிப்படி ஏறச் சொல்ல மாட்டார்கள். ரத்த அழுத்தமோ தூக்கமின்மையோ பதற்றமோ வெளியே தெரிவதில்லை. அடுத்தவருக்குத் தெரியாதது மட்டுமல்ல, நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. எல்லோரும் சமாளிக்கிறார்களே, நமக்கு மட்டும் என்ன என்று தோன்றுகிறது. எல்லோரும் சமாளிக்கவில்லை என்பதுதான் நிஜம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. நீண்ட நேரம் வேலை செய்வதால் பக்கவாதத்திலும் மாரடைப்பு போன்ற இதய நோயிலும் 2016-ம் ஆண்டில் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்கிறது அது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம். என் வாரம் 55-ஐ எப்போதோ தாண்டியிருந்தது. நான் அதைக் கணக்கு வைத்ததே இல்லை.

சரி, கேட்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. எதைக் கேட்பது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். "ஸ்ட்ரெஸ் அதிகமா இருக்கு, லேசான வேலை கொடுங்க" என்று கேட்கிறோம். லேசான வேலை என்றால் என்னவென்று அவர்களாக ஒன்றைத் தீர்மானித்துக் கையில் கொடுப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. விற்பனைப் பிரிவில் டார்கெட்டோடு ஓடிக்கொண்டிருந்தவர். நெஞ்சு வலி வந்தபிறகு கேட்டார். உட்கார்ந்த இடத்தில் பார்க்கும் டேட்டா என்ட்ரி வேலையைக் கொடுத்தார்கள். பொறுப்பு கிடையாது, பயணம் கிடையாது. ஆனால் எத்தனை மணிக்கு இருக்கையைவிட்டு எழுந்தார், எத்தனை நிமிடம் கழித்து வந்தார் என்பதுவரை ஸ்கிரீனில் பதிவாகும். வேலையின் வரிசையைக்கூட அவர் மாற்ற முடியாது. 4 மாதத்தில் முன்பைவிட மோசமாகிவிட்டார். டார்கெட் இருந்த காலத்தில் யாரை எப்போது பார்ப்பது என்பதாவது தன் கையில் இருந்தது என்று சொன்னார்.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. ராபர்ட் காரசெக் என்ற ஆராய்ச்சியாளர் 1979-ல் எழுதியதைத்தான் வேலை அழுத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். வேலை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருந்தால்தான் மனிதன் நொறுங்குகிறான் என்பது அவர் சொன்னதன் சாரம். பிரிட்டனில் அரசு ஊழியர்களை வைத்துப் பல ஆண்டுகள் நடந்த வைட்ஹால் ஆய்வுகளிலும் இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உச்சியில் இருந்த அதிகாரிகள் அல்ல, கீழ்நிலை ஊழியர்கள்தான். ஆக, பதவியில் ஒரு படி கீழே இறங்குவதாலேயே உடம்பு தேறிவிடாது. எந்த வேலை நம்மை அரிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நான் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். 2 வாரம். எந்த நேரத்தில் என்ன வேலை செய்தேன், அப்போது உடம்பில் என்ன தெரிந்தது, அவ்வளவுதான் எழுதினேன். "காலை 10, மீட்டிங், ஒன்றுமில்லை." "மாலை 6:40, போன் அதிர்ந்த மாதிரி இருந்தது, எடுத்தால் ஒன்றும் இல்லை, பின்கழுத்து இறுகியது." இரண்டாவது வாரம் முடிவில் புரட்டிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். வேலையின் அளவு என்னை ஒன்றும் செய்யவில்லை. கஷ்டமான பிரச்சினையைத் தீர்க்கும் நாட்களில் நன்றாகவே இருந்திருக்கிறேன். அழைப்பு எப்போது வரும் என்று தெரியாத இரவுகளும், வேறு யாரோ எடுத்த முடிவுக்கு நான் வாடிக்கையாளரிடம் பதில் சொன்ன நேரங்களும்தான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கங்களில் இருந்தன. எனக்கு வேலை குறைய வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டும்தான் போக வேண்டியிருந்தது.

அப்புறம் கடிதம். முதலில் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் 4 இடத்தில் "மன்னிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். என் நோய்களின் பட்டியல், மாத்திரைகளின் பெயர்கள், குடும்பச் சூழல் எல்லாம் அதில் இருந்தன. என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை. என் மனைவிதான் படித்துவிட்டு, "இதைப் படிச்சா உங்க மேல பரிதாபம் வரும். ஆனா அவங்க என்ன செய்யணும்னு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். மருத்துவ ஆலோசனைப்படி இரவு நேர அவசர அழைப்புப் பணியில் நான் தொடர முடியாது. பகல் நேரத்தில் சிக்கலான பிரச்சினைகளின் மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியும். 3 மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு மறுபடி பேசலாம். சந்திக்க நேரம் ஒதுக்கவும். முடிந்தது.

மருத்துவரிடம் வாங்கும் கடிதத்திலும் இதையே கேளுங்கள். நோயின் பெயரைவிட, எந்த வேலையைச் செய்யக்கூடாது, எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் நிறுவனத்துக்குத் தேவை. உங்கள் அறிக்கைகளையெல்லாம் ஹெச்.ஆர். மேஜையில் கொட்ட வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் உங்கள் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, தகுதியுள்ள ஊழியருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுப்பது நிறுவனத்தின் கடமை. காலியாக உள்ள வேறு பணியிடத்துக்கு மாற்றுவதும் அதில் அடங்கும். கேட்கும்போது சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரிட்டனில் 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டம் இதே கடமையை வைக்கிறது. அங்கே பாதிப்பு 12 மாதமாவது நீடிப்பதாக இருக்க வேண்டும். இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகிவிட்ட அரசு ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் வெறும் ரத்த அழுத்தம் இல்லை. என்னைப் போன்றவர்களில் பலர் இந்த வரையறைகளுக்கு வெளியேதான் நிற்கிறோம். சட்டம் கைகொடுக்காவிட்டாலும் கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை.

என் மேலாளர் என்னைவிட 6 வயது சின்னவர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு மாசம் லீவ் எடுத்துக்கோங்க சார், ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் கிட்டத்தட்ட தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு மறுத்ததுதான் நான் செய்த சரியான காரியம். ஒரு மாதம் கழித்து வந்தால் அதே போன், அதே இரவு, அதே நான். விடுமுறை தேவைப்படுகிறவர்கள் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வேலையின் அமைப்பில் கோளாறு இருக்கும்போது விடுமுறை அதைச் சரிசெய்யாது.

சம்பளம் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்பதே உபகாரம், அதில் சம்பளமும் பேசுவதா என்ற எண்ணம். தவறு. இரவுப் பணிக்கான படி போகும் என்று தெரியும். அடிப்படைச் சம்பளம் என்ன ஆகும், கிரேடு இறங்குமா, ஓய்வுக்காலப் பலன்கள் எதை வைத்துக் கணக்கிடப்படும், மருத்துவக் காப்பீடு அப்படியே தொடருமா, உடம்பு தேறியபின் பழைய வரிசைக்குத் திரும்ப வழி உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருப்பார் என்று என்ன நிச்சயம்? எனக்குக் கிரேடு இறங்கவில்லை. ஆனால் அந்த வருட ஊதிய உயர்வு வரவில்லை. அதை முன்பே கேட்டிருந்தால் குறைந்தபட்சம் தெரிந்தாவது இருந்திருக்கும்.

யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று உண்டு. நான் விட்ட இரவுகள் காற்றில் கரைந்துபோகவில்லை. வேறு மூன்று பேர் தலையில் விழுந்தன. அதில் ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் என் மேஜைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது இரவு அழைப்பைவிடக் கனமாக இருந்தது. மேலாளரிடம் மறுபடி போனேன். நாலாவது ஆள் வேண்டும், அவரை நான் பயிற்றுவிக்கிறேன் என்று சொன்னேன். ஆள் வர 2 மாதம் ஆனது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்தச் சுமையைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டு நிர்வாகம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. அப்படிச் செய்தால் கேட்டவர் குற்றவாளியாகிறார், கேட்காமல் இருப்பவர் அடுத்த நோயாளி ஆகிறார். மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதை யோசியுங்கள்.

மாறிய முதல் மாதம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இரவு 9 மணிக்கு மேல் போன் சும்மா கிடந்தது. அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னைக் கேட்காமல் முடிவுகள் எடுக்கப்பட்டன, அவை சரியாகவும் இருந்தன. அதுவரை நான் யார் என்பதற்கு அந்த போன்தான் பதிலாக இருந்திருக்கிறது. இந்தத் துக்கத்துக்கு இடம் கொடுங்கள். முடிவு தவறோ என்று அந்த மாதத்தில் தோன்றும். அந்த மாதத்தில் எந்த முடிவையும் மாற்றாதீர்கள்.

9 மாதம் கழித்து மறுபடியும் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டேன். இரவில் 12 சதவீதம் இறங்கியிருந்தது. இரண்டாவது மாத்திரை இன்னும் தொடர்கிறது. மூன்றாவது வரவில்லை.

தம்பி நேற்றிரவு அவன் எழுதிய கடிதத்தை அனுப்பினான். நன்றாகவே எழுதியிருக்கிறான். எந்த வேலை முடியாது, எது முடியும் என்று தெளிவாக இருந்தது. சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை மட்டும் சேர்க்கச் சொன்னேன். வியாழக்கிழமை மதியம் அவனுக்கு மேலாளரோடு சந்திப்பு.