ராகு காலம் எல்லா ஊருக்கும் ஒன்றா?

“திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9.00 வரை, எந்த ஊரானாலும் எந்த மாதமானாலும் மாறாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

அந்த நேரம் காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட பொதுக்கணக்கு. சரியான முறையில் உங்கள் ஊரின் உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு 2ஆம் பங்கு, சனி 3, வெள்ளி 4, புதன் 5, வியாழன் 6, செவ்வாய் 7, ஞாயிறு 8.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தைப்பொங்கல் சமயம் உதயம் சுமார் 6.23, அஸ்தமனம் 6.10. பகல் 707 நிமிடம், ஒரு பங்கு 88 நிமிடம். அப்போது திங்கள் ராகு காலம் 7.51 முதல் 9.19 வரை. ஒன்பது மணி தாண்டிவிட்டதே என்று 9.05க்குப் புதுவீட்டில் பால் காய்ச்சினால், அது ராகு காலத்துக்குள்தான் விழும். ஜூன் நடுவில் கணக்கு 7.27 முதல் 9.01 வரை வருவதால் பொதுநேரம் ஏறக்குறையப் பொருந்தும். பலர் ஏமாறுவது இதனால்தான்.

மலைக்கு மேல் வெயில் தெரிந்த பிறகே உதயம் என்பதும் சரியல்ல. பள்ளத்திலுள்ள லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வெயில் எட்டரைக்கு வந்தாலும், பஞ்சாங்க உதயம் சமதள அடிவானத்துக்கே கணிக்கப்படுகிறது.

திதி, நட்சத்திரம் முடியும் நேரம் வேறு. அது சந்திரனின் நிலையைப் பொறுத்தது, எங்கும் ஒரே கணம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் சென்னைப் பஞ்சாங்கத்தில் உள்ள அந்த நேரங்களை அப்படியே எடுக்கலாம்.