சம்பளத்தைப் பணயம் வைத்து மேடையேறியவர்

முத்து காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக் படித்து வளர்ந்தவர்களுக்கு, மனதைப் படிப்பது போன்ற வித்தைகளை மேடையில் காட்டிய அமெரிக்கர் கிரெஸ்கினைப் பிடிக்கும். 1935இல் நியூ ஜெர்சியில் பிறந்த ஜார்ஜ் என்ற பையனை மேடைப் பக்கம் இழுத்ததும் அதே மாண்ட்ரேக்தான். 'தி அமேசிங் கிரெஸ்கின்' என்ற பெயரில் வயோதிகம் வரை ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தியவர், 2024 டிசம்பரில் 89 வயதில் காலமானார்.

மனதைப் படிப்பதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கிரெஸ்கின் என்ன செய்வார் தெரியுமா? மேடையை விட்டு வெளியே காவலோடு போய் நிற்பார். அன்றைய சம்பளக் காசோலையைப் பார்வையாளர்கள் அரங்கில் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். கண்டுபிடித்தால் சம்பளம், இல்லையென்றால் அன்றைக்கு வெறுங்கை. சில முறை அப்படி இழந்துமிருக்கிறார். ஒருமுறை ஒருவருடைய பல்செட்டுக்கு அடியிலிருந்து எடுத்ததாக அவரே சொன்னதுண்டு.

இந்த வித்தைக்கு முன்னோடி, 19ஆம் நூற்றாண்டில் வாஷிங்டன் இர்விங் பிஷப் போன்றவர்கள் செய்துகாட்டிய தசை வாசிப்பு. ஒளித்த இடம் தெரிந்தவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தப்பான பக்கம் போனால் அந்தக் கை லேசாக இறுகும். சரியான பக்கம் திரும்பினால் தளர்ந்து கூடவே வரும். கைக்குச் சொந்தக்காரருக்கே அது தெரியாது! அதை உணர்கிற அளவுக்கு விரல்களைப் பழக்க எத்தனை வருட உழைப்பு வேண்டும்.

யூரி கெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சொன்னவர். 1973இல் ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில், மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியின் ஆலோசனைப்படி, கெல்லர் முன்கூட்டியே தொட முடியாதபடி கார்சன் தரப்பே சோதனைக்கான பொருட்களைத் தயார் செய்து வைத்தது. கெல்லரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சக்தி சரியாக வரவில்லை என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறமும் புகழ் குறையவில்லை. கிரெஸ்கினோ, தான் ஜோசியக்காரன் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். தோற்றால் பையில் காசு வராது.

அவரிடமும் ஒரு கறை உண்டு. 2002 ஜூன் 6 அன்று லாஸ் வேகாஸ் பக்கம் பறக்கும் தட்டுகள் தெரியும் என்று அறிவித்தார். கூட்டம் ராத்திரி வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. மக்கள் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள் என்று காட்டத்தான் செய்தேன் என்று அப்புறம் விளக்கம் சொன்னார். இந்த விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு அது வித்தை என்று தெரியும். பாலைவனத்தில் அண்ணாந்து பார்த்தவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.