உற்பத்தி என்ற சொல்லுக்குப் பட்டா போட்டவர்களுக்கு

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. வீட்டு வேலையும் உற்பத்திதான் என்று அந்த நேரலையின் கருத்துப் பகுதியில் நான் எழுதியதற்கு, "முதலில் அகராதியைப் பாருங்கள் அம்மா" என்று பேச்சாளர் அருளியதும், அதன் கீழே சிரிப்புக் குறிகள் குவிந்ததும் உங்கள் கண்ணெதிரேதான் நடந்தன.

அகராதியைப் பார்த்துவிட்டேன். தோன்றுதல், பிறத்தல் என்பதே அந்த வடசொல்லின் முதற்பொருள். தொழிற்சாலையும் சந்தையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆறு மலையில் உற்பத்தியாகிறது என்கிறோம். கணையம் இன்சுலினை உற்பத்தி செய்கிறது என்று படிக்கிறோம். தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது என்ற எச்சரிக்கையைக் கேட்காதவர் இல்லை. கொசுவிடம் யாரும் ரசீது கேட்டதில்லை. மாடு வளர்ப்பவர் பால் உற்பத்தியாளர் ஆகிறார் (மாட்டுக்கு அந்தப் பட்டம் ஏன் இல்லை என்பது தனிப் பதிவுக்குரியது). இத்தனை பேருக்கு இடமிருக்கும் சொல்லில், சோறு ஆக்குபவளுக்கு மட்டும் இடமில்லை. ஆக்குதல் என்ற நம் வினைச்சொல்லே செய்தலையும் சமைத்தலையும் சேர்த்துத்தான் குறிக்கிறது.

பொருளாதாரத்தில் உற்பத்திக்குத் தனிப் பொருள் உண்டே என்பீர்கள். உண்டு, அதையும் பார்ப்போம். மொத்த உற்பத்தியைக் கணக்கிட நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு குடும்பம் தன் தேவைக்காகத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தி. அந்தத் தண்ணீரில் உலை வைத்துச் சமைப்பது உற்பத்தி அன்று. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை தருவதாகப் பாவித்து அந்தத் தொகையைச் சேர்க்கிறார்கள். அதே வீட்டைப் பெருக்கித் துடைப்பதை விட்டுவிடுகிறார்கள். கொடுக்காத வாடகைக்கு மதிப்புப் போடத் தெரிந்தவர்களுக்குப் பெருக்கிய தரை கண்ணில் படவில்லை. இது கணக்குப் போடுபவர்கள் தங்கள் வசதிக்காகக் கிழித்த கோடு. பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1934இல் அமெரிக்க தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு அளித்த அறிக்கையிலேயே இல்லத்தரசிகளின் உழைப்பைச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்த நேர்மை நேரலையில் இல்லை.

என் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவருக்கு வலிக்காமல் திருப்பி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, கசங்கிய விரிப்பை இழுத்துவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு செவிலியரை அமர்த்தினோம். அவரும் அதையேதான் செய்தார், நன்றாகவே செய்தார். கிளம்பும்போது ரசீது கொடுத்தார். அவருடையது உற்பத்தி. நான் எழுந்து மறுபடி அந்த வேலையைக் கையில் எடுத்ததும், நாட்டின் உற்பத்தி அந்த அளவுக்குக் குறைந்துபோயிற்று!

"அன்புக்கு விலை பேசலாமா?" என்று கேட்டவருக்கு: நான் விலை பேசவே இல்லை, ஒரு சொல்லைத்தான் கேட்டேன். அன்பு என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அந்த அன்பைக் கொஞ்சம் காட்டியிருக்கலாம். சந்தையில் விற்காததை அளப்பது கடினம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 1640 கோடி மணி நேரம் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை நடப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டதே, அது எப்படி முடிந்தது? இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

எல்லாவற்றையும் உற்பத்தி என்றால் சொல் நீர்த்துப்போகும் என்று கவலைப்பட்ட நண்பரே, கொசுவால் நீர்த்துப்போகாத சொல் என்னாலா நீர்த்துப்போகும்? அந்தச் சிரிப்புக் குறிகளில் உங்களுடையதும் ஒன்று. மாமனாரைப் பார்க்க வந்த அன்று, ஆள் வைத்துப் பார்த்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னதும் நீங்கள்தான்.