"தூக்கிவிடலாம் வாம்மா"

போன மாதம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உறவுக்காரப் பிள்ளையின் பிறந்தநாள். வாசலில் இரண்டு படி. நான் சக்கர நாற்காலியை நிறுத்தியதுமே உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "அட, இதுக்கு என்ன யோசனை? நாலு பேர் இருக்கோம், தூக்கிவிடலாம் வாம்மா!"

தூக்கினார்கள், அன்போடுதான். ஆனால் ஒரு தம்பி பிடித்தது கழற்றக்கூடிய கைப்பிடியை. அது கையோடு வந்துவிட்டது, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. யாரும் விழவில்லை. உள்ளே போனதும் கழிவறையைப் பார்த்தேன், அதற்கும் ஒரு படி. அன்று இரவு முழுக்க நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கிளம்ப நினைத்தேன், மறுநாள் காலையில் வேலை. தூக்கிய நால்வரில் இருவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை வரை காத்திருந்தேன்.

மாமா மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: தூக்கிவிடுவது சாய்தளத்துக்கு ஈடாகாது. தூக்கிவிட்டால் நான் உள்ளே வந்துவிடுவேன், சரி. எப்போது வருவது, எப்போது போவது என்பதை மட்டும் அதன்பின் நான் முடிவு செய்ய முடியாது.

தூக்கப்படுவது எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் நாங்கள் இருந்தது ஏழாவது மாடி. அந்தக் காலத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது. தினமும் காலையில் அப்பா என்னை முதுகில் சுமந்து இரண்டு மாடி இறங்குவார், அம்மா நாற்காலியோடு பின்னால் வருவார். பள்ளி விட்டதும் அதே இரண்டு மாடி ஏறவேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் பள்ளி இல்லை. 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் சில ஆண்டுகளில் எங்கள் புளோக்குக்கும் வந்தது. முதல் நாள் நான் தனியாகக் கீழே போய்க் காப்பிக்கடையில் ஒரு தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா கதவருகிலேயே நின்றிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

பேருந்தைப் பாருங்கள். 2020 டிசம்பர் முதல் நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஓட்டுநர் இறங்கி வந்து நடுக் கதவில் இருக்கும் சாய்தளத்தை விரிப்பார், நான் ஏறுவேன், மடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். ஆரம்பத்தில் பயணிகள் ஒவ்வொருவரிடமும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே ஏறுவேன். ஒரு மலாய்க்கார அக்கா ஒருநாள் "ஏன் சாரி சொல்கிறாய், உனக்கும் சேர்த்துத்தானே பஸ்?" என்று கேட்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இப்படி வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா ரயில் நிலையம் வரை யார் கையும் படாமல் வருகிறேன். நிலையத்திலிருந்து மின்தூக்கியில் மேலே வந்து நாலு எட்டு வைத்தால் நம் கடைவீதி. அங்கேதான் நிற்கிறேன்.

அந்தக் கடைவீடுகள் பழையவை, 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பகுதி. தடையற்ற அணுகல் 1990 முதல் புதிய கட்டடங்களுக்குக் கட்டாயம், பழையவற்றில் பெரிய மாற்றம் செய்யாதவரை விட்டுவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் அஞ்சடி என்று சொல்லும் நடைபாதையோ கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது. கணக்கும் எளிதல்ல. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் என்பதுதான் பொதுவான அளவு. அப்படிப் பார்த்தால் 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் வேண்டும், ஐந்தடி அகல நடைபாதை என்பதே ஒன்றரை மீட்டர்தான். ஆகவே எல்லாக் கடைக்காரரும் நாளையே சிமெண்ட் பூசவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மடித்து வைக்கும் அலுமினியச் சாய்தளம் ஒன்று போதும். கொஞ்சம் செங்குத்தாக இருந்தாலும், ஒரு படி என்றால் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறிவிடலாம். ஆளைக் கூப்பிடக் கதவில் ஒரு மணி இருந்தால் இன்னும் நல்லது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்காகச் சிங்கப்பூர் 2013இல் ஏற்ற ஐநா உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் தனியார் இடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் விலகிக்கொள்ள முடியாது.

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று மண்டபம் பார்க்கும்போது பார்க்கிங் உண்டா, சாப்பாடு எப்படி, ஏசி வேலை செய்யுமா என்று கேட்கிறோம். "படி இருக்கா?" என்று கேட்பவர் யார்? மின்சாரச் சக்கர நாற்காலி வைத்திருக்கும் என் தோழியை யாராலும் தூக்க முடியாது, நாற்காலியும் ஆளுமாக நூறு கிலோவைத் தாண்டும். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழைப்பிதழே வராமல் போனது. "உனக்குச் சிரமமா இருக்குமேன்னுதான்" என்கிறார்களாம். அந்தச் சிரமம் அவள் உடம்பில் இல்லை, வாசலில் இருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு மனது ஆறவில்லை.

அடுத்த மாதம் அக்கா மகள் புதுவீடு போகிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வாசல் கட்டையை ஒட்டி அளவு நாடா, கீழே ஒரு வரி: "சித்தி, 6 சென்டிமீட்டர். எவ்வளவு நீளப் பலகை வாங்கட்டும்?"

"75" என்று பதில் போட்டேன்.