அறிவியல் புனைகதை எங்கள் கதைதான்

போன மாதம் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஓர் இலக்கியச் சந்திப்பு. கூட்டம் முடிந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார்: "தம்பி, லயத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இந்த ரொக்கெட், ரோபோ படங்களில் அப்படி என்ன இருக்கிறது? நம் மண்ணுக்குச் சம்பந்தமே இல்லையே." அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து அங்கே பேசாமல் இருந்துவிட்டேன். கந்தப்பளை வரும்வரை பஸ்ஸில் மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதை எழுதிவிடுகிறேன் ஐயா.

லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. எங்கள் தோட்டத்தில் எந்த லயத்தை வேண்டுமானாலும் பாருங்கள். தகரம் துருப்பிடித்திருக்கும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே கல் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டிஷ் இருக்கும். அது பார்த்துக்கொண்டிருக்கும் திசையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே தானும் சுற்றுவதால் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் செய்மதி இருக்கிறது. அப்படிப்பட்ட செய்மதிகளை வைத்து உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர் ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இதையே வீடாக்கிக்கொண்டார். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிவந்த பெண்கள் மாலையில் தொலைக்காட்சி நாடகம் பார்ப்பது அந்த மனிதரின் கற்பனை வழியாகத்தான்.

அவருடைய 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவல் 1979இல் வந்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. அது எழும் மலை, இங்குள்ள சிவனொளிபாதமலையை மனதில் வைத்து எழுதியது. அப்படி ஒன்று பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால் முழுத் தீவையுமே தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார். வாசித்தபோது அந்த மலையின் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து படியேறிய இரவுகள் நினைவுக்கு வந்தன. கீழே நின்று பார்த்தால் விளக்கு வரிசை மலையோடு முடியாமல் வானத்துக்குள் ஏறிப்போவதுபோலவே இருக்கும். அந்த நாவல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புத்தகத்தை மூடியதும் ஒரு கேள்வி வந்தது: இந்த மலையின் அடிவாரத்து லயங்களில் இருப்பவர்களை வைத்து இப்படியொரு கதை எழுதினால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியோடு பார்க்கத் தொடங்கிய பிறகு, நான் பார்த்த பல படங்களில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

2009இல் வந்த 'மூன்' அதில் முதலாவது. சந்திரனில் ஒரு சுரங்க நிலையம், மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரே ஒரு தொழிலாளி. ஹீலியம்-3 என்ற எரிபொருளை எடுத்துப் பூமிக்கு அனுப்புகிறான். ஒப்பந்தம் முடியப்போகிறது, மனைவியும் மகளும் காத்திருக்கிறார்கள் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். (கதையின் முடிச்சைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை, பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) அவன் ஒரு நகல். அவனுடைய நினைவுகள் வேறொருவனிடமிருந்து எடுத்துப் பதித்தவை. ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி அவனைப் படுக்கவைக்கும் கூடு, அவனை எரிக்கும் கூடு. அவன் சாம்பலானதும் அடுத்த நகல் கண்விழிக்கிறது. அதற்கும் அதே மூன்று வருடம்.

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் எங்கள் ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள் என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு. நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். வந்து சேர்ந்தபோது, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் கடன் காத்திருந்தது. கடன் தீர்க்காமல் 'துண்டு' என்ற விடுவிப்புச் சீட்டு கிடைக்காது, துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. என் தாத்தா இருந்த லயத்து அறையில், அந்தக் காம்பராவில் அப்பா பிறந்தார், அதே காம்பராவில் நான் பிறந்தேன். தோட்டத்தின் பேர்ப் பதிவான செக்ரோலில் பேர் மட்டும் மாறியது. சந்திரனில் இரண்டாவது ஆள் கண்விழிக்கும் காட்சியில் எனக்கு உடம்பு சில்லிட்டதற்குக் காரணம் அதுதான்.

தொலைக்காட்சித் தொடர்களில் என் மனதை விட்டுப் போகாதது 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. அதிலும் 1989இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம். டேட்டா ஓர் இயந்திர மனிதன், விண்கலத்தின் அதிகாரி. அவனைப் பிரித்துப் பார்த்து அவனைப்போல நிறையப் பேரைச் செய்ய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வருகிறான். டேட்டா மறுத்து, பதவியை விட்டே விலகிப்போகிறேன் என்கிறான். நீ விலக முடியாது, நீ ஆள் இல்லை, எங்கள் சொத்து என்று பதில் வருகிறது. விசாரணை நடக்கிறது. அவனுக்கு எதிராக வாதாடும் வேலை அவனுடைய நண்பன் தலையிலேயே விழுகிறது. அந்த நண்பன் வாதத்தின் நடுவே எழுந்துவந்து டேட்டாவின் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறான். அதிகாரியின் உடுப்போடு அவன் மேசைமேல் குப்புறச் சாய்கிறான். மன்றத்தில் ஒரு சத்தம் இல்லை.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியதை இதைவிட நேராகக் காட்டிய காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. 1964இல் இரண்டு நாடுகளின் பிரதமர்கள் உட்கார்ந்து எங்களைப் பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். எங்கள் பெரியம்மா குடும்பம் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்குப் போனது, நாங்கள் இங்கே நின்றோம். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. டேட்டாவின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பெண், அவனுக்கு ஆன்மா இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது, அதைத் தேடிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த அத்தியாயத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவை நினைத்துக்கொள்வேன்.

விண்வெளிச் சண்டைப் படங்களில் எனக்கு ஆர்வமே இல்லை. குண்டு வெடிப்பதைப் பார்க்க ஏன் சனிக்கிரகம்வரை போக வேண்டும்?

'த மார்ஷியன்' படத்தை அப்பாவோடு பார்த்தேன். செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒருவன் உயிர்பிழைக்க உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். அப்பா லயத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டவர். தை, மாசியில் உறைபனி விழும் நாட்களில் விடியுமுன்பே எழுந்து செடிகள்மேல் தண்ணீர் தெளிப்பார், வெயில் பட்டால் இலை கருகிவிடும். படத்தில் கூடாரம் வெடித்து, குளிர் உள்ளே புகுந்து, அத்தனை செடியும் ஒரே நொடியில் போய்விடும். அதுவரை சுவரில் சாய்ந்திருந்த அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, செவ்வாயும் தெரியாது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். முடிவுக்கு முன்பே தூங்கிவிட்டார். மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பையன் வீடு போய்ச் சேர்ந்தானா?"

இனி 'இன்டர்ஸ்டெல்லர்' படம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பத்து வயது மகளை விட்டுவிட்டு ஒரு தகப்பன் விண்வெளிக்குப் போகிறான். ஒரு கிரகத்தில் ஒரு மணிநேரம் என்றால் பூமியில் ஏழு வருடம். அங்கே கொஞ்ச நேரம் தாமதித்துவிட்டுக் கலத்துக்குத் திரும்பினால் வீட்டில் இருபத்துமூன்று வருடம் கடந்துவிட்டது. சேர்ந்து கிடக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கல்யாணம் செய்கிறான், பிள்ளை பெறுகிறான். இவை அப்பாவுக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பதில் அனுப்ப அவனாலும் முடியாது.

அம்மா 1993இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருட ஒப்பந்தம், ஆறு வருடம் ஆனது. அவருக்கு எழுத வராது. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வரும் யாராவது ஓர் அக்காவிடம் கொடுத்தனுப்புவார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒன்று பேசி, போகிறவர்கள் கையில் கொடுப்போம். லயத்தின் முன் திண்ணையில், இஸ்தோப்பில் கேசட் ரேடியோவை வைத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் உட்காருவோம். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் இருவருக்கும் வாய் அடைத்துவிடும். அம்மா, சுகமா, நாங்கள் சுகம். பிறகு வெளியே பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருக்கும். அது அம்மாவின் கையில் சேர்ந்ததா என்று தெரிய எட்டு மாதமும் ஆகும். அம்மா போகும்போது எனக்கு எட்டு வயது. கடைசிக் கேசட்டில் பேசியபோது என் குரல் உடைந்திருந்தது. ரேடியோவில் அதைக் கேட்டு இது யார் என்று பயந்துபோனதாக அம்மா திரும்பிவந்த பிறகு சொன்னார்.

அந்தத் தகப்பன் திரையின் முன்னால் அழும் காட்சியை நான் அம்மாவோடு பார்த்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. படம் முடிந்ததும் உள்ளே போய், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். நாங்கள் அனுப்பியவை, பதினொரு கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோடு, எத்தனையாவது என்று தெரிவதற்காக. சவூதியிலிருந்து அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார், இத்தனை வருடம் எங்களிடம் சொல்லவில்லை.

எங்கள் பழைய ரேடியோ எப்போதோ பழுதாகிவிட்டது. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது நாடாவை இழுக்காமல் ஒழுங்காக ஓடும் கேசட் ரெக்கோடர் இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.