கிணத்தை மூடிட்டீங்க, நீச்சலை எங்கே கத்துக்கிறது?

ஞாயித்துக்கிழமை நடந்தது தெருவுக்கே தெரியும், திரும்ப எழுதலை. குவாரித் தண்ணியில ஒரு பையன் முழுகிச் செத்துப் போயிட்டான். அதுக்கு நம்ம தோட்டத்துக் கிணத்து மேல கம்பி வலை. குவாரிக்கு இன்னிக்கு வரைக்கும் வேலி இல்லை.

கிணத்தை மூடினா பிள்ளைகளுக்குத் தண்ணி மேல இருக்கிற ஆசை போயிடாது. நீச்சல் தெரியாமலே வேற தண்ணியைத் தேடிப் போவாங்க. வலை போட்ட அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன், காதுல வாங்க ஆளில்லை.

அந்தக் கிணறுதான் இந்தத் தெருவுக்குக் கிளப். சந்தா கிடையாது, பதிவேடு கிடையாது. லீவு விட்டா மோட்டார் ரூம் நிழல்ல சட்டைங்க குவிஞ்சிடும். கண்ணு செவக்குற வரைக்கும் தண்ணி, அப்புறம் மிளகாப்பொடி தொட்ட மாங்கா, தொட்டி விளிம்புல உக்காந்து ஊர்க்கதை. பேச்சை விட்டவங்க ராசியானதும் அங்கேதான்.

"கண்டபடி குதிச்சதைப் போய் பயிற்சிங்கறீங்களே"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் வலிக்குது. கண்டபடி யாரையும் இறக்கினதில்லை. கொடியிலேயே முத்திக் காய்ஞ்ச சுரைக்காய் ரெண்டு வேணும். குலுக்கினா உள்ளே விதை கலகலக்கணும். ஓட்டை போடக் கூடாது. வாளித் தண்ணியில அமுக்கிப் பார்த்து ஒரு குமிழி வந்தாலும் ஒதுக்கிடணும், இல்லேன்னா பாதி நீச்சல்ல உள்ளே தண்ணி ஏறிடும். பழைய வேட்டியைக் கிழிச்சு முதுகுல, தோள்பட்டையை ஒட்டிக் கட்டணும். இடுப்புக்கு இறங்கிட்டா பின்பக்கம் மேலே தூக்கி, முகம் தண்ணிக்குள்ள போயிடும். சுரைக்காய் கிடைக்காதப்ப காய்ஞ்ச கல்யாண முருங்கைக் கட்டை.

இடுப்புல தனியா ஒரு கயிறு, மறுமுனை மேல்படியில நிக்கிற பெரியவர் கையில. முதல்ல படிக்கல்லைப் பிடிச்சுக் கால் உதைக்கணும். அப்புறம் ரெண்டு சுரைக்குடுக்கை, அப்புறம் ஒண்ணு, அப்புறம் வெறும் கயிறு. அடிக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து காட்டினாத்தான் கயிறு கழலும். தண்ணியில ஆள் இருக்கும்போது மோட்டார் ஓடாது. ஃபியூஸ் கட்டை பெரியவர் மடியில இருக்கும். இதுக்குப் பேரா கண்டபடி?

"டவுன்ல குளம் இருக்கு, கோச் இருக்கார்." இருக்கட்டும், நல்லதுதான். பஸ் காசும் மாசக் கட்டணமும் யார் தர்றது? மூன்றரை அடித் தண்ணியில கால் ஊனிக் கத்துக்கிட்டவன் நிலைக்காத தண்ணியில என்ன செய்வான்?

ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. தண்ணி வத்தின மாசத்துல பாறை முட்டு மேலே வந்திடும், அப்போ தலைகீழா சொருகக் கூடாது. முழுகுறவன் காப்பாத்த வர்றவன் கழுத்தைக் கட்டிக்குவான். அதனால கயித்தையோ வேட்டியையோ வீசணும், சட்டுனு குதிச்சிடக் கூடாது. நாங்க தப்பாச் செஞ்சதும் உண்டு. கரை ஏத்தினவனைத் தோள்ல போட்டுச் சுத்துறது, வயித்தை அமுக்குறது, ரெண்டுமே கூடாது. மல்லாக்கப் படுக்க வச்சு, மூச்சில்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு ஊதணும். அப்புறம் நடு நெஞ்சுல 30 அமுக்கு, 2 ஊதல், 108 ஆம்புலன்ஸ் வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தாம. கம்பி வலை இதைச் சொல்லித் தருமா?

ஒரே ஒரு கேள்விக்குத்தான் எங்கிட்ட பதில் இல்லை. "எல்லாப் பிள்ளைகளையுமா அந்தக் கிணத்துல இறங்க விட்டீங்க?" விடலை. பொண்ணுங்களைப் படிக்கட்டோட நிறுத்திட்டோம். காலனிப் பசங்களை வரப்புக்கு இந்தப் பக்கம் வரவே விடலை. அவங்களுக்குக் குவாரிதான் மிச்சம் இருந்துச்சு. செத்துப் போன பையனும் காலனிப் பையன்தான். அவன் இடுப்புல நம்ம கயிறு ஒரு நாள்கூட ஏறலை. ரெண்டு ராத்திரியா தூக்கமில்லை எனக்கு.

வலையை எடுக்கச் சொல்லலை. அதுல ஒரு கதவு வையுங்க. சாவி மோட்டார் ரூம் ஆணியில தொங்கட்டும். புதுக் கயிறு ரெண்டு, குடுக்கை நாலு நான் தர்றேன். காலனிக்கு நானே போய்ச் சொல்றேன், பொண்ணுங்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லி.